நூல் இல்லாத பட்டி

நான் செய்த பட்டியை முதன்முதலில் பார்த்தவர் என் கணவர். யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கல்லு கெடச்சவன் கைய விரிச்சுக் காட்டக் கூடாது புள்ள" என்றார்.

முச்சக்கர வண்டி வாங்குவதற்கு முன் அவர் பெல்மதுளைப் பக்கம் மாணிக்கக் குழிகளில் வேலை செய்தவர். நல்ல கல் கிடைத்தவன் அதை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, கூட வேலை செய்கிறவனிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுப் போன கதையெல்லாம் அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு நன்றாகப் பிடித்தது. அதன் பிறகு இரண்டு வருடம் நான் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

பட்டி எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டம் றக்வானைக்கு மேலே இருக்கிறது. பன்னிரண்டு வருடம் அங்கே கொழுந்து பறித்தேன். பறித்த கொழுந்தைப் போடும் சாக்கு முதுகில் தொங்கும். அதன் கயிறு தலைக்கு மேலே, நெற்றியோரமாகப் போகும். பாரம் முழுவதையும் தலைதான் இழுத்துப் பிடிக்கும். ஒரு மழை நாளில் மலைச்சரிவில் கால் வழுக்கியது. நான் மல்லாந்து விழுந்தேன். சாக்கு எனக்குக் கீழே இன்னும் சரிந்துகொண்டு போனது. நெற்றியிலிருந்த கயிறு கழுத்துக்கு இறங்கிவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தும் கழற்ற முடியவில்லை. கத்தவும் முடியவில்லை. அடுத்த மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டார். அவர் வராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு என் கழுத்து இடப்பக்கம் திரும்புவதில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டில் தையல் மெசின் போட்டேன். சட்டை, பாவாடை, பாடசாலைச் சீருடை என்று தைத்தாலும் அந்தக் கயிறுதான் மனதில் இருந்தது. அதற்குப் பதிலாக, ஒரு இழுப்பில் பாரம் கழன்று விழுகிற மாதிரி ஒரு பட்டி செய்ய முடியாதா? பாடசாலைப் பைகளில் இருக்கும் பிளாஸ்ரிக் கொக்கியைப் போட்டுப் பார்த்தேன். உடைந்தது. பழைய வான் வண்டியிலிருந்து கழற்றிய இருக்கைப் பட்டியின் பூட்டைப் போட்டேன். அதுவே ஒரு கல் கனம். கடைசியில் நாய்ச் சங்கிலி வளையம் இரண்டு, ஒரு துண்டுச் சைக்கிள் கம்பி, காது மாதிரி மடித்துத் தைத்த ஒரு துணிக் காது. பெரிய வளையத்துக்குள் சின்ன வளையத்தை மடித்துப் போட்டால் பாரத்தைப் பெரிய வளையம் வாங்கிக்கொள்ளும். சின்ன வளையத்தைத் துணிக் காது பிடிக்கும், காதைக் கம்பி ஊசி பிடிக்கும். எவ்வளவு பாரம் தொங்கினாலும் ஊசியை ஒரு விரலால் உருவலாம். உருவினால் சாக்கு தன்பாட்டில் கீழே போய்விடும்.

பார்க்க அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் என் பயமே. ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்தால் யாரும் செய்துவிடுவார்கள்.

வளையங்களை றக்வானையில் ஒரு கடையில் வாங்கினேன். அதே கடையில் அடுத்த தடவை வாங்கவில்லை. கம்பியை வேறு ஊரில் வாங்கினேன். கூலிக்கு ஆள் வைத்தால் வேகமாகத் தைக்கலாம் என்று கணவர் சொன்னபோது, "தச்சுப் பழகுன பெறகு அவ எதுக்கு எனக்குத் தைக்கணும், அவளுக்கே தச்சுக்குவா" என்றேன். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பிராக்காரி சீனி கேட்டு வந்தால் மடியில் இருக்கும் பட்டியைப் பாவாடைத் துணியால் மூடுவேன். அவள் என்னோடு பன்னிரண்டு வருடமும் ஒரே மலையில் நிரை பிடித்துப் பறித்தவள். நான் விழுந்த அன்று என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் ஒருத்தி. மூடுவதை அவள் இரண்டு மூன்று தடவை பார்த்தாள். அப்புறம் சீனி கேட்டு வருவதை நிறுத்திவிட்டாள்.

நெற்றிக்கு வரும் பட்டி நல்ல அகலமாக, தடித்ததாக இருக்க வேண்டும். அந்த நாடா பெல்மதுளைச் சந்தியில், பை தைத்து விற்கும் ஒரு கடையில்தான் கிடைத்தது. முதலாளி சிங்களவர், அறுபது வயது இருக்கும். எனக்கு வேண்டிய அகலத்தில் கடையில் இல்லை, வரவழைக்கலாம், ஆனால் அளவுக்கு ஒரு துண்டு வேண்டும் என்றார். என் பையில் முதல் முதலாகத் தைத்த பட்டி இருந்தது. அளவுக்குத்தானே என்று அதைக் கொடுத்தேன். ஒரு வாரம் அது அவர் மேசையில் கிடந்தது. எதற்கு இது என்று கேட்டார். ஆட்டுக்குக் கட்ட என்று சொன்னேன். ஊர் கேட்டார். பலாங்கொடை என்றேன். நாடா வந்ததும் அறிவிக்கத் தொலைபேசி இலக்கம் கேட்டார். கடைசி இரண்டு எண்களை மாற்றி அவர் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் நானே போய் நாடாவையும் பட்டியையும் வாங்கிக்கொண்டு வந்தேன். தடயமே இல்லாமல் காரியத்தை முடித்துவிட்டதாகப் பஸ்ஸில் வரும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

மெத்தக் கெட்டிக்காரியாக இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் பட்டியில் ஒரு நூல் சேர்ந்தது. யாரிடமும் கழற்றிக் காட்டுவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, தோட்டத்தில் ஏழு பெண்களுக்குப் பட்டி தைத்துக் கொடுத்திருந்தேன். அவர்களில் ஒருத்தி சொன்னாள்: "விழுறப்ப ஊசியத் தேட எங்க கை வரும்? கை மண்ணையில்ல பிடிக்கும்." அது உண்மை. நான் விழுந்தபோதும் என் கை அப்படித்தான் போனது. இரண்டு நாள் யோசித்தேன். தலையில் கட்டும் துணியின் முடிச்சிலிருந்து ஊசிக்கு ஒரு சாண் நூலை இழுத்துக் கட்டினேன். பட்டி தலையில் இருக்கும்வரை நூல் தொய்ந்து கிடக்கும். பட்டி கழுத்துக்கு இறங்கினால் நூல் இழுபட்டு ஊசி தானாக உருவிக்கொள்ளும். கையே தேவையில்லை. எனக்கு அது ஒரு சின்ன ஒட்டுவேலையாகத்தான் பட்டது. வளையமும் ஊசியும்தான் என் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிறுதொழில் செய்பவர்கள் பதிந்துகொள்ளலாம் என்று பிரதேச செயலகத்தில் அறிவித்தல் போட்டிருந்தார்கள். போனேன். அதற்குப் பொறுப்பான உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். அந்த அலுவலகத்தில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்ற யாரிடமும் சிங்களத்தில் பேசித்தான் வேலையை முடிக்க வேண்டும். அது எங்களுக்குப் பழக்கம். அவருடைய தமிழ்தான் பழக்கமில்லாமல் இருந்தது.

நான் பட்டியைக் காட்டினேன். அவர் வளையத்தைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், நூலுக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"உந்த நூலை ஏன் அக்கா கட்டினனீங்கள்?"

"சும்மா ஒரு வசதிக்குங்க சேர்."

"வசதிக்கோ? இது இல்லாட்டி என்ன நடக்கும்? எவ்வளவு நீளம் வேணும்? கூடினால் என்ன, குறைஞ்சால் என்ன?"

ஒரு நூலைப் பற்றி அரை மணி நேரம் கேட்டார். படம் வரைந்தார். கைப்பேசியை எடுத்து மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் பிடித்தார். இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான்?

பிறகு அவர் சொன்னார்: "கொழும்பில ஆக்கவுரிமைக்கு விண்ணப்பம் போடலாம். கிடைச்சால் உங்களைக் கேளாமல் ஒருத்தரும் இதைச் செய்து விக்கேலாது. ஆனால் ஒண்டு. இதை முதல் ஆருக்காவது காட்டினனீங்களோ? வெளியில குடுத்தனீங்களோ? எப்ப எண்டு வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

ஏழு பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு மலையில் நிற்கிறார்கள். பெல்மதுளையில் ஒரு வாரம் மேசையில் கிடந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்து, "யாருக்கும் காட்டலீங்க சேர்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

நான்கு மாதம் அவர் கேட்ட தாள்களைக் கொண்டுபோவதும் திரும்புவதுமாக இருந்தேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரு கேள்வி. இழுத்தடிக்கிறான் என்றேன் கணவரிடம். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. "அந்தாளு போன்ல படம் இருக்குல்ல, அது இந்நேரம் எங்கெங்க போச்சோ" என்றார்.

ஒரு நாள் கணவர் றக்வானைச் சந்தையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தார். சவாரிக்கு ஏறியிருந்தவரையும் இறக்கிவிட்டாராம்.

"சந்தையில தொங்குது புள்ள. ஒன் பட்டி. நீல நாடா, ரெண்டு வளையம், ஊசி. தொங்குது."

ஒன்றை வாங்கியும் வந்திருந்தார். நான் அதைக் கையில் வாங்கி வளையத்தைப் பார்த்ததோடு சரி, மெசினுக்குக் கீழே எறிந்தேன். வேறு யார்? படம் எடுத்தவன் அவன், வரைந்தவன் அவன், நூல்வரைக்கும் அளந்தவன் அவன்.

அன்றைக்கே பிரதேச செயலாளருக்குக் கடிதம் எழுதினேன். எனக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும், எழுத அவ்வளவு வராது. ஆகவே தமிழில் எழுதினேன். என் கண்டுபிடிப்பை உங்கள் உத்தியோகத்தர் களவாகப் படம் எடுத்து விற்றுவிட்டார் என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அவர் எங்கள் பகுதி ஆள் இல்லை, தோட்டத்துச் சனங்கள் என்றால் அவருக்கு இளக்காரம், எங்களுக்குப் படிப்பில்லை என்று நினைத்துத்தான் துணிந்து செய்திருக்கிறார் என்றும் எழுதினேன். அவர் ஒரு நாளும் என்னை இளக்காரமாகப் பேசியதில்லை. எழுதும்போது அது எனக்குத் தெரியும்.

பத்து நாளில் கூப்பிட்டார்கள். செயலாளர் ஒரு சிங்களப் பெண்மணி. அவருக்கு முன்னால் இரண்டு கதிரை. ஒன்றில் அந்த உத்தியோகத்தர் உட்கார்ந்திருந்தார். மேசையில் என் கடிதம், அதன் பக்கத்தில் நீல மையில் எழுதிய இரண்டு பக்கம் சிங்களம்.

கடிதத்தை மொழிபெயர்க்க ஆள் இல்லை. தமிழில் வரும் கடிதங்களை எப்போதும் அந்த உத்தியோகத்தரிடம்தான் கொடுப்பார்களாம். இதையும் கொடுத்திருக்கிறார்கள். உறையைப் பிரித்தவருக்கு என்ன கடிதம் என்று தெரியாது. தன்மேல் எழுதிய கடிதத்தை உத்தியோகத்தரே படித்திருக்கிறார், உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார், கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

செயலாளர் அந்தச் சிங்களத்தை வாசித்தார். நான் எழுதியது ஒரு சொல்கூடக் குறையவில்லை. 'இளக்காரம்' என்ற சொல்லுக்கு உத்தியோகத்தர் சரியான சிங்களச் சொல்லைத் தேடிப் போட்டிருந்தார். களவு என்று எழுதிய இடத்தில் களவு என்றே இருந்தது. தன்னைப் பற்றி நான் எழுதிய ஒன்றையும் அவர் மென்மையாக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து வலித்தது.

வாசித்து முடிந்ததும் உத்தியோகத்தர் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்.

"சந்தையில வித்த பட்டியில நூல் இருந்ததோ?"

எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவேயில்லை.

"என்னட்ட இருக்கிற படம், வரைஞ்சது எல்லாத்திலயும் நூல் இருக்கு. நீங்கள் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ."

வீட்டுக்கு வந்து மெசினுக்குக் கீழே கைவிட்டுத் துழாவி எடுத்தேன். நூல் இல்லை. ஊசியில் நூல் கட்டும் துளைகூட இல்லை. துணிக் காதின் ஓரம் இரட்டைத் தையலுக்குப் பதில் ஒற்றைத் தையல். நூல் கட்டுவதற்கு முன்னால் நான் தைத்த ஒரே ஒரு பட்டியில்தான் ஒற்றைத் தையல் போட்டிருந்தேன். அது எங்கே ஒரு வாரம் கிடந்தது என்று யோசிக்க எனக்கு நேரம் ஆகவில்லை.

மறுநாள் காலை கணவரையும் கூட்டிக்கொண்டு பெல்மதுளைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், அதை மறைக்க விரும்பவில்லை. கடை வாசலிலேயே ஐந்தாறு பட்டி தொங்கியது. முதலாளி என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். நங்கி என்றால் தங்கை, நோனா என்றால் அம்மணி.

"நங்கி, எங்கே போனாய்? எத்தனை நாள் தேடினேன். பலாங்கொடையில் ஆடு வளர்க்கிறவர்களை எல்லாம் விசாரித்தேன்."

"எதுக்குத் தேடுனீங்க? களவா தச்சு விக்கத் தெரியுது, தேடவும் தெரியுதா?" என்றேன் நானும் சிங்களத்தில்.

அவருக்குக் கோபம் வரவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்தார். என் கையெழுத்தில் என் இலக்கம், மாற்றிய இலக்கம்.

"நீ பட்டியை விட்டுப் போன வாரம் ஒருவர் வந்து இதைப் பார்த்தார். இருபது கேட்டார். உன்னைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று இந்த இலக்கத்துக்கு எடுத்தேன். காலி ஊரில் யாரோ ஒரு நோனா பேசினாள். நாலு தரம் எடுத்தேன். நாலாம் தரம் ஏசினாள். நீ நாடா வாங்க வந்த நாள் நான் கடையில் இல்லை, மகள்தான் இருந்தாள். பிறகு நீ வரவே இல்லை. அளவெல்லாம் என்னிடம் இருந்தது. ஆட்டுக்குக் கட்டுகிற பட்டிதானே, யாருக்கு என்ன என்று தைத்தேன்."

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சிரிக்கிறார் என்று தோளைப் பார்த்தே தெரிந்தது.

முதலாளி சொன்னது முழுவதும் உண்மையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. காலி நோனா உண்மை. அந்த இலக்கத்துக்கு நானே எடுத்துப் பார்த்தேன், ஏச்சு வாங்கினேன். சாக்குத் தொங்கவிடும் பட்டி என்று தெரிந்தேதான் விற்றாரா என்பதை அவர் ஒருபோதும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்குத் தொங்கிய பட்டிகளைக் கழற்றி என் முன்னாலேயே பைக்குள் போட்டார். இனிமேல் நான் கேட்டால் மட்டும் தைப்பதாகச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் கையெழுத்து வைத்தோம். தமிழ்ப் பகுதியை நான் எழுதினேன். அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று மூன்று பேரைக் கேட்டுவிட்டுத்தான் அவர் கையெழுத்துப் போட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

பிரதேச செயலகத்துக்குப் போகத்தான் கால் வரவில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் போய், கடிதத்தை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுத்தேன். பிறகு அந்த உத்தியோகத்தரின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"சேர், நான் தப்பு பண்ணிட்டேங்க."

"இருங்கோ" என்றார். உட்கார்ந்தேன். அவர் கோப்பைத் திறந்தார். "ஆருக்குக் காட்டினனீங்கள் எண்டு இப்பயாவது சொல்லுங்கோ. உண்மையா."

எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு பெண்கள், பெல்மதுளை, ஆட்டுக் கதை, எல்லாம். நாட்களையும் மாதங்களையும் விரல்விட்டு எண்ணினார். நானே வெளியில் காட்டியதென்றால் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் பாதகமில்லை, இன்னும் ஏழு வாரம்தான் மிச்சம் இருக்கிறது என்றார். யாருக்கும் காட்டவில்லை என்று நான் சொன்னதை நம்பி அவர் அவசரப்படாமல் இருந்திருக்கிறார். ஐந்தாவது வாரம் விண்ணப்பம் கொழும்புக்குப் போனது.

இதைப் போல் முன்பே எங்காவது இருக்கிறதா என்று பார்த்த தேடல் அறிக்கை வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. வளையமும் ஊசியும் புதிதில்லை என்று அதில் இருந்தது. ஆகாயத்திலிருந்து குதிக்கிறவர்கள் குடையைக் கழற்ற அப்படி ஒன்றை எத்தனையோ காலமாக வைத்திருக்கிறார்களாம். நான் மூடி மூடித் தைத்தது, பக்கத்துக் காம்பிராக்காரியிடமிருந்து ஒளித்தது, உலகத்துக்கே தெரிந்த ஒன்று. தலைத்துணியிலிருந்து ஊசிக்குப் போகும் நூலைப் போல மட்டும் வேறெங்கும் கிடைக்கவில்லை. அந்த நூலைப் பற்றி உத்தியோகத்தர் விண்ணப்பத்தில் நான்கு பந்தி எழுதி வைத்திருந்தார். நான் சும்மா வசதிக்கு என்று சொன்ன நூல்.

ஆக்கவுரிமைப் பத்திரம் கிடைக்கச் சில வருடம் எடுத்தது. அதற்குள் அவருக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்துவிட்டது. கிடைத்ததும் தொலைபேசியில் சொன்னேன். "நல்லது அக்கா. இலக்கத்தை எங்கயாவது எழுதி வையுங்கோ" என்றார். அவ்வளவுதான். சுகம் விசாரித்தேன், சுகம் என்றார். எங்களுக்கிடையில் அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. வளரும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை. பக்கத்துக் காம்பிராக்காரி இப்போது என்னோடு தைக்கிறாள். அவளைக் கூப்பிட நான்தான் போனேன். வாசலில் கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டாள்.

தோட்ட நிர்வாகம் பட்டியை வாங்கவில்லை. இதை வாங்கினால் பழைய கயிறு ஆபத்து என்று நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகுமே என்று தொரை வெளிப்படையாகவே சொன்னார். ஆகவே பெண்களிடம் நேராகப் போய்த்தான் விற்கிறோம். பெல்மதுளை முதலாளி நாடாவை வெட்டி வளையம் பூட்டித் தருகிறார். எத்தனை நாடா வெட்டுகிறார் என்று இப்போதும் அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொள்கிறேன். அவருக்கும் அது தெரியும்.

போன மாதம் புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். பெண்கள் கூடியிருந்த இடத்தில் பட்டியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருத்தி எழுந்து, "இது எங்ககிட்ட இருக்குங்களே" என்றாள். தன் சாக்கைக் கொண்டுவந்து காட்டினாள். பழைய சேலையைக் கிழித்து முறுக்கிய பட்டி, சாவி வளையம் இரண்டு, தலைமுடி ஊசி ஒன்று, நூலும் இருந்தது. யாரோ ஒருத்தி போட்டிருந்ததைத் தூரத்தில் பார்த்துவிட்டுத் தானே செய்தாளாம். செய்துவிட்ட சந்தோசம் முகத்தில் தெரிந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். பத்திரத்தின் பிரதி என் பையில்தான் இருந்தது. யார், எங்கே, யார் காட்டினார்கள் என்று கேள்விகள் வாய்வரைக்கும் வந்துவிட்டன. அதற்குள் என் கை அவளுடைய நூலை இழுத்துப் பார்த்தது. நூல் இறுகியது, ஊசி வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். ஊசி வளைந்தது, வரவில்லை. சாவி வளையம் பாரத்தில் வாய் திறந்திருந்தது.

"இதப் போட்டுக்கிட்டா மல ஏறுறீங்க?"

"ஆமாங்க. ஏங்க?"

நான் என் பையிலிருந்து இரண்டு வளையமும் ஒரு கம்பி ஊசியும் எடுத்தேன். கீழே உட்கார்ந்து அவளுடைய சேலைப் பட்டியைப் பிரித்தேன். அவள் முதலில் தடுக்கப் பார்த்தாள், பிறகு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். நூல் எங்கே தொய்ய வேண்டும், எங்கே இறுக வேண்டும் என்று அவளுக்குக் காட்டிக்கொண்டே தைத்தேன். மற்றப் பெண்களும் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, பாரத்தில் ஊசி தானாக உருவுகிறதா என்று பார்க்க, சாக்குக்குள் கல்லை அள்ளிப் போடச் சொன்னேன்.